கதவு பூட்டியிருந்தால்

மெர்சி, ஏழாம் நம்பர் அறை பற்றி.

ஃபைலில் இருப்பது:
சோலைமலை, வயது எழுபத்து நான்கு.
அரசு வேலை, ஓய்வு. சர்க்கரை உண்டு.
இரவில் நடமாட்டம். கதவைப் பூட்டவும்.
கடைசி வரியை நான் அடித்துவிட்டேன்.
மேடம் கேட்டால் என் பேரைச் சொல்.

ரெண்டேகாலுக்கு எழுந்துவிடுவார்.
பாத்ரூம் போக இல்லை.
சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டும்,
இல்லையென்றால் விரல் பதறும்.
நேரே மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் போவார்.
முதல் வாரம் ரெண்டு பேர் சேர்ந்து
இழுத்து வந்து படுக்கவைத்தோம்.
என் மணிக்கட்டில் அந்த நகக்கீறல் இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் அக்கா
சாத்துக்குடி உரித்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னது:
முப்பத்தோரு வருஷம் கரண்ட் ரீடிங் எடுத்த மனுஷன்.
செல்லூர், தத்தனேரி, கீழத்தோப்பு,
வைகைக்கு அங்கிட்டு எத்தனை சந்தோ அத்தனையும்.
இதை எழுத ஃபைலில் இடமே இல்லை.

இப்போதுள்ள மீட்டரில் எண் மின்னி மின்னி மாறும்.
அவருக்கு அது பொய் சொல்கிற மீட்டர்.
எலக்ட்ரீஷியன் ஹிதாயத் பழைய இரும்புக்கடையிலிருந்து
தகடு சுற்றுகிற பழசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்.
கனெக்‌ஷன் இல்லை. பக்கத்தில் ஆணி,
ஆணியில் நூல், நூலில் எங்கள் வீட்டுப் பழைய வெள்ளை அட்டை.
டார்ச்சை அவர் தோளுக்கு மேலிருந்து பிடி.
வெளிச்சம் கண்ணாடி மேல் விழணும், முகத்தில் விழக்கூடாது.

ஒரு நாள் கேட்டார்: "ஓடலையே, வீட்ல ஆளில்லையா?"
"ஊருக்குப் போயிருக்காங்க சார்."
"அழகர் இறங்குற நேரத்துல
ஊரே இங்க வருது, இவுக எங்க போனாக?"
எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்தேன்.
அவரும் சிரித்தார்.

அட்டையில் சில ராத்திரி நாலு எண்,
சில ராத்திரி ஒரு கோடு.
ஏழைத் திருப்பிப் போட்டிருப்பார். திருத்தாதே.
"எவ்வளவு வருது சார்?" என்று கேள்.
சொல்லும் தொகை எதுவானாலும்
"பதினஞ்சாந் தேதிக்குள்ள கட்டிர்றோம்."

பிறகு தண்ணீர் கேட்பார். இதைக் கவனமாய்ப் படி.
ரெண்டு கையும் குவித்து நீட்டுவார்.
ஊற்றாதே.
சில தெருக்களில் அப்படித்தான் ஊற்றினார்களாம்,
கைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து.
அக்கா அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
குவித்த கையில் சொம்பை வை.
எவர்சில்வர் சொம்பு என் அலமாரியில் இருக்கிறது.
அண்ணாந்து குடித்தால் புரையேறும் என்கிறார் டாக்டர்.
அரைச் சொம்பு போதும், பிடரியில் உன் கை.
வாய் வைத்துக் குடிக்கச் சொல்லு.
நம்ம வீட்டுச் சொம்புதான் என்று சொல்லு.
முதல் நாள் நம்பமாட்டார்.

பகலில் நீ கூப்பிட்டால் திரும்பமாட்டார்.
ஷீட்டில் 'பதில் இல்லை' என்று எழுதிவிடாதே.
அவரே ஒரு ராத்திரி எனக்குப் பாடம் எடுத்தார்,
பெரிய ஆபீசர் மாதிரி விரலை ஆட்டி:
"கதவு பூட்டின்னு உடனே எழுதப்படாது, தம்பி.
மூணு தரம் தட்டணும்.
கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பாக.
வர நேரமாகும்."
(என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இருக்கட்டும்.)

நேற்று அக்காவிடம் கேட்டார்: "எந்த வீடு நீங்க?"
அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு
"பதினாலு பை ரெண்டு, கீழத்தோப்பு" என்றது,
பள்ளிக்கூடத்தில் பேர் சொல்கிற பிள்ளை போல.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"அங்க ஒரு அம்மா இருக்கும்.
வெயில்ல நிக்க விடாது."
அக்கா உரித்த சுளையை
எனக்கும் ஒன்று நீட்டியது.

மணி ஐந்தரை. ஒத்தக்கடைப் பக்கம்
ஆனைமலை கறுப்பாய்ப் படுத்திருக்கிறது.
இப்போதுதான் தூங்குகிறார், பேனாவோடு.
எடுக்காதே, மூடி போட்டிருக்கிறேன்.

டார்ச்சுக்கு ரெண்டு பேட்டரி வாங்கணும்.
அட்டையில் இன்னும் மூணு வரிதான் பாக்கி.
உங்கள் வீட்டில் பழசு இருந்தால் கொண்டு வா.

ஜெயக்கொடி, இரவு